கம்பி நம் வாயில், ஃபைல் யார் கையில்?

போன மாதம் ஆஃபர் லெட்டர் வந்தது. ஜூலையில் சென்னை சிறுசேரியில் ஜாயினிங். அம்மா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தாங்க. ஹாஸ்டல் பசங்க ட்ரீட் எங்கேன்னு கேட்டாங்க. எனக்கு மட்டும் ராத்திரி பல் தேய்க்கும்போதுதான் உறைச்சது: வாயில் இருக்கிற கம்பிக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கு. மாதம் ஒரு தடவை கம்பி மாத்த 400 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வர முடியுமா?

மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். (பெயர் வேண்டாம்.) ரிசப்ஷனில் இருக்கிற அக்கா முதல் வார்த்தையாகவே, "நடுவுல விட்டா பணம் திரும்ப வராது தம்பி" என்றார். நான் பணமே கேட்கலை. என் எக்ஸ்ரே, ஆரம்பத்தில் எடுத்த பல் அச்சு, ட்ரீட்மென்ட் பிளான், இதெல்லாம் கிடைக்குமான்னுதான் கேட்டேன். "அதெல்லாம் மதுரை டாக்டர்கிட்டதான் இருக்கும்" என்றார். மதுரை டாக்டர் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மட்டும் வருவார். போர்டில் இருக்கிற பெயர் வேற டாக்டரோடது. என் பல்லை நகர்த்துகிறவர் ஒருத்தர், பில் போடுகிறவர் இன்னொருத்தர், ஃபைல் எங்கே இருக்குன்னு இரண்டு பேருக்கும் சரியாத் தெரியலை.

இது என் ஒருத்தன் பிரச்சினைன்னா நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். எங்க கிளாஸில் மட்டும் ஆறு பேர் வாயில் கம்பி. மூணு பேர் அலைனர். ஜூலைக்கு அப்புறம் அந்த ஒன்பது பேரில் ஒருத்தர்கூட திண்டுக்கல்லில் இருக்கப் போறதில்லை. நீங்க செகண்ட் இயர், தேர்டு இயர்ன்னா, "இன்டர்வியூவுக்கு முன்னாடி பல்லைச் சரி பண்ணிக்கலாம்"னு யோசிச்சிட்டு இருப்பீங்க. தாராளமா பண்ணிக்குங்க. எத்துப்பல்லோட ஸ்கூல் முடிச்ச எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

நாம் இதை ஒரு பொருள் மாதிரி வாங்குறோம். மெட்டல் இவ்வளவு, செராமிக் இவ்வளவு, அலைனர் இவ்வளவு, மூணு மாதத் தவணை, ஆறு மாதத் தவணை. போன் வாங்குற மாதிரியே விலைப்பட்டியல். உண்மையில் நாம் வாங்குறது இரண்டு வருஷ சிகிச்சை. சின்ன விசையை ரொம்ப நாள் கொடுத்தா, பல் நகர்ற பக்கம் எலும்பு கரையும், விட்டுட்டு வந்த பக்கம் புது எலும்பு வளரும். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வேகம். அவசரப்பட்டு விசையைக் கூட்டினா வேரே தேயலாம். அதனாலதான் ஆரம்ப எக்ஸ்ரேவும் அச்சும் இல்லாம புது டாக்டர் யாரும் நடுவில் வந்து கை வைக்கத் தயங்குறாங்க. இனிஷியல் கண்டிஷன் கொடுக்காம டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனைப் போடச் சொன்னா நாம் என்ன செய்வோமோ, அதேதான்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? நான் நினைச்சதைவிட நம்ம பக்கம் அதிகமாவே இருக்கு. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தில் வரும் 'சேவை'தான்னு தீர்ப்புக் கொடுத்தது. பல் மருத்துவமும் அதில் அடக்கம். இப்போ இருக்கிறது 2019-ம் வருஷச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு ரொம்பப் பயன்படுகிற ஒரு மாற்றம் இருக்கு: சிகிச்சை எடுத்த ஊரில்தான் புகார் கொடுக்கணும்னு இல்லை, நாம் குடியிருக்கிற ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கலாம். திண்டுக்கல்லில் போட்ட கம்பிக்குச் சென்னையில் கேஸ் போடலாம். கட்டின தொகை 5 லட்சத்துக்குள் இருந்தா கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 1915-க்குப் போன் பண்ணியும் ஆரம்பிக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தாகணும்.

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2014-ம் வருஷ நெறிமுறை விதிகள்படி, நோயாளியோட ஆவணங்களை டாக்டர் குறைந்தது மூணு வருஷம் வச்சிருக்கணும். எப்போதிலிருந்து மூணு வருஷம்? சிகிச்சை ஆரம்பிச்ச நாளிலிருந்து. காய்ச்சலுக்கு இது போதும். கம்பிக்குப் போதுமா? என் கணக்கையே போட்டுப் பாருங்க. 2024 ஆகஸ்டில் கம்பி போட்டேன். 2026 டிசம்பரில் கழட்டணும். அப்புறம் ரீடெய்னர். 2027 கடைசியில் பல் பழையபடி முன்னாடி வர ஆரம்பிக்குதுன்னு வச்சுக்குங்க. அப்போ நான் ஆணையத்துக்குப் போகலாம், நேரம் இருக்கு. ஆனா என் ஆவணங்களை வச்சிருக்க வேண்டிய கட்டாயம் 2027 ஆகஸ்டிலேயே முடிஞ்சிடும். வழக்குப் போட உரிமை இருக்கும், ஆதாரம் இருக்காது. பல் சீரமைப்புன்னா வருஷக் கணக்கில் போகும்னு விதி எழுதினவங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? மூணு வருஷத்தைச் சிகிச்சை முடிஞ்ச நாளிலிருந்து எண்ணணும். ஒரு வார்த்தைதான் மாறணும்.

சம்மதப் படிவத்தைப் பற்றியும் சொல்லணும், இது என் தப்பு. கம்பி போடுறதுக்கு முன்னாடி இடத்துக்காக நாலு நல்ல பல்லைப் பிடுங்கினாங்க. அதுக்கு ஒரு பக்கம் இங்கிலீஷில் அச்சடிச்ச தாளில் கையெழுத்து வாங்கினாங்க. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவன் நான். படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு முன்னாடி உட்கார்ந்திருந்த நிலக்கோட்டைப் பொண்ணோட அப்பா பூ மார்க்கெட்டிலிருந்து நேரா வந்திருந்தார், அவரும் அதே தாளில்தான் கையெழுத்துப் போட்டார். சமீரா கோலி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேற வழி இருக்கா, செய்யாம விட்டா என்ன ஆகும், இதெல்லாம் புரியும்படி சொல்லி வாங்கினாத்தான் அது சம்மதம். அந்த அப்பாவுக்குப் புரியணும்னா தாள் தமிழில்தானே இருக்கணும்? இதுக்குத் தனிச் சட்டம்கூட வேண்டாம், ஒரு ஜெராக்ஸ் செலவு.

அடுத்து, யார் கம்பி போடுறாங்கன்னு பாருங்க. பிடிஎஸ் முடிச்சவர் பல் டாக்டர். அதுக்கு மேல் மூணு வருஷம் பல் சீரமைப்பில் எம்டிஎஸ் படிச்சவர்தான் தன்னை அந்தத் துறை நிபுணர்னு சொல்லிக்கலாம். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், அதைக் கிளினிக்கிலும் ரசீதிலும் போடணும்னு விதி இருக்கு. உங்க ரசீதை எடுத்துப் பாருங்க. என்னுடையதில் இல்லை. கிளினிக்குக்குத் தனியா, 1997-ம் வருஷ மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு வேணும். சட்டம் 1997-ல் வந்தது, அதுக்கான விதிகள் 2018-ல்தான் வந்தது. நம்ம அரியர் பேப்பரே பரவாயில்லைன்னு தோணுது.

"பதிவெல்லாம் வெறும் ஃபார்மாலிட்டி"ன்னு சொல்றவங்களுக்கு வாணியம்பாடியைச் சொல்வேன். 2023-ல் அங்கே ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. 8 பேர் இறந்துட்டாங்க. வேலூர் சிஎம்சி, ஐசிஎம்ஆர், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்ததில் கிடைச்சது ஒரு சலைன் பாட்டில். ஈறில் பயன்படுத்துற கருவியால் பாட்டிலைத் திறந்து, மூடாம வச்சு, அதையே அடுத்தடுத்த நோயாளிக்கும் பயன்படுத்தியிருக்காங்க. கம்பி போட்ட நாம் மாதாமாதம் அந்த மாதிரி ஒரு நாற்காலியில் போய் வாயைத் திறக்கிறோம். கருவி கவரைப் பிரிச்சு எடுக்கிறாங்களான்னு பார்க்கிறதில் தப்பே இல்லை. டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா எழுந்து வந்துடுங்க.

இப்போ அலைனர். இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே வருது. வீட்டுக்கே வந்து ஸ்கேன் பண்றாங்க, பெட்டி கூரியரில் வருது, ஆப்பில் செல்ஃபி அனுப்பினாப் போதும். அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் இதே வழியில்தான் வளர்ந்தது. 2019 செப்டம்பரில் பங்குச் சந்தைக்குப் போனாங்க, 2023 செப்டம்பரில் திவால் மனு, டிசம்பரில் கடையை மூடிட்டாங்க. பாதிச் சிகிச்சையில் இருந்தவங்களுக்குப் போன் எடுக்க ஆள் இல்லை, வாழ்நாள் உத்தரவாதம் கிடையாதுன்னு அறிவிச்சாங்க. தவணை மட்டும் தொடர்ந்து கட்டணும்னாங்க! இங்கேயும் தவணை பெரும்பாலும் தனி ஒப்பந்தம்தான், கிளினிக்கோடு இல்லை, கடன் கொடுக்கிற நிதி நிறுவனத்தோடு. என் ஃப்ரெண்ட் ஒருத்தி அலைனர் பிடிக்காம மூணாவது மாதமே நிறுத்திட்டா. தவணை நிக்கலை, சிபில் ஸ்கோர்தான் இறங்குச்சு. ஆப் வழியாகக் கடன் வாங்கினா முக்கிய விவரத் தாள் கொடுக்கணும், ஆரம்ப நாட்களில் விலகிக்க அவகாசம் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கு. அந்த நாட்களிலேயே யோசிச்சு முடிச்சிடுங்க.

மெக்கானிக்கல் பசங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை, ஏன்னா லேபில் 3டி பிரிண்டர் வந்ததிலிருந்து இந்த ஐடியா சுத்துது. ஆமா, 2016-ல் நியூஜெர்சியில் ஒரு மாணவர் காலேஜ் பிரிண்டரை வச்சுத் தனக்குத் தானே அலைனர் செஞ்சு போட்டுக்கிட்டார், செலவு 60 டாலருக்குள்ளே. கெட்டிக்காரர்தான். அவர் தன் பல்லில் செஞ்சார். அடுத்தவன் பல்லுக்குக் காசு வாங்கிச் செஞ்சா அது பதிவில்லாம பல் வைத்தியம் பார்க்கிற குற்றம். மலேசியாவில் 20 வயசுப் பொண்ணு ஒருத்தி யூட்யூப் பார்த்து மலாக்காவில் கம்பி மாட்டிவிட்டு 2017-ல் மாட்டினா, அபராதம் 70,000 ரிங்கிட். நம்ம 1948-ம் வருஷப் பல் மருத்துவர் சட்டம், முதல் தடவை மாட்டினா 500 ரூபாய் வரைதான் அபராதம்னு வச்சது. அன்னைக்கு அது பெரிய தொகையா இருந்திருக்கும். இன்னைக்கு அந்தக் காசுக்கு ரெண்டு பேர் பிரியாணிகூடத் திருப்தியா சாப்பிட முடியாது. சட்டம் பயமுறுத்தலைன்னாலும் பல் வேர் தேய்ஞ்சா திரும்ப வராது, அதை நினைச்சாவது விட்டுடுங்கடா.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. செலவில் பெரிய பகுதி முதல் மாதத்திலேயே ஆயிடுது: பிராக்கெட், எக்ஸ்ரே, பல் பிடுங்குறது. வெளியூரிலிருந்து வர்ற நிபுணருக்கு ஒவ்வொரு தடவையும் கொடுக்கணும். நோயாளிகளும் ஒழுங்கு கிடையாது. ரப்பர் பேண்ட் ராத்திரி பகல் போடச் சொன்னாங்க, நான் செமஸ்டர் எக்ஸாம் சாக்கில் ஒன்றரை மாதம் போடவே இல்லை. எட்டு மாத பாக்கியில் கொஞ்சம் என் கணக்கிலும் சேரும். அதனால முழுப் பணமும் திரும்பக் கொடுங்கன்னு நான் கேட்கலை. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவுன்னு முதல் நாளே எழுதிக் கொடுங்கன்னுதான் கேட்கிறேன். நடுவில் ஊர் மாறினா செஞ்ச வேலைக்கு எடுத்துக்கிட்டு மீதியைப் பேசித் தீர்த்துக்கலாம். அமெரிக்காவில் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் ஊர் மாறுகிற நோயாளிக்குன்னே ஒரு படிவம் வச்சிருக்கு: ஆரம்ப நிலை, திட்டம், இதுவரை செஞ்சது, பணக் கணக்கு எல்லாம் அதில் வந்துடும். இங்கேயும் பழைய கவுன்சிலுக்குப் பதிலா தேசியப் பல் மருத்துவ ஆணையம் அமைக்க 2023 ஆகஸ்டில் சட்டம் வந்தாச்சு. நெறிமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியமே அதில் இருக்கு. வேலைக்காக ஊர் மாறுகிற பசங்க இத்தனை லட்சம் பேர் இருக்கிற நாட்டில், அந்த வாரியம் முதலில் எழுத வேண்டிய விதிகளில் ஒண்ணு இந்தப் படிவம்.

அதுவரைக்கும் எழுதிக் கேளுங்க. நான் ஏ4 தாளில் தமிழிலேயே எழுதினேன், பெயர், கம்பி போட்ட தேதி, என்னென்ன வேணும்னு. இரண்டு பிரதி, ஒண்ணில் "பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்து வாங்கினேன். வாயால் கேட்டப்போ இல்லாத ஃபைல், எழுதிக் கேட்டதும் நாலே நாளில் கிடைச்சது. எக்ஸ்ரே வாட்ஸ்அப்பில் வந்தது. என் பல் அச்சு ஒரு பழைய செருப்பு டப்பாவில் வந்தது, மேலே என் பெயரைத் தப்பா எழுதியிருந்தாங்க. இப்போ ஹாஸ்டல் அலமாரியில் என் பழைய எத்துப்பல் வெள்ளையா இளிச்சுக்கிட்டு இருக்கு, ரூம்மேட் அதன் மேல் ஹெட்போனை மாட்டி வைக்கிறான். ட்ரீட்மென்ட் பிளான் மட்டும் இன்னும் வரலை. இரண்டாவது சனிக்கிழமை மதுரை டாக்டர் வர்றார், பணக் கணக்கையும் அன்னைக்கே பேசணும்.