ரோஸ்மேரி வறட்சிக்கு அஞ்சாது, ஈரத்துக்கு அஞ்சும்

“தண்ணீரே வேண்டாத பயிர், ஒருமுறை நட்டால் போதும், பல வருடம் பணம்” என்று சொல்லி மலைப் பகுதிகளில் ரோஸ்மேரி நாற்றை விற்கிறார்கள். தலைமுடிக்கு நல்லது என்று ரோஸ்மேரித் தண்ணீரும் எண்ணெயும் சில வருடங்களாக நகரக் கடைகளில் விற்கவே, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கும் ஆசை வந்திருக்கிறது. ஆசை தவறல்ல. ஆனால் கையிலுள்ள நிலம் முழுவதிலும் இதை நடுவது தவறு என்பதே என் கருத்து.

ரோஸ்மேரியின் தாய்நாடு மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலி, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகள். அங்கே குளிர்காலத்தில்தான் மழை. கோடை முழுவதும் வானம் காய்ந்து கிடக்கும். கல்லும் சுண்ணாம்பும் கலந்த சரிவுகளில், ஊசிபோல் ஒடுங்கிய இலையோடு அந்தக் கோடையைச் செடி தாங்கி நிற்கும். நமது மலையில் கணக்கு தலைகீழ். தை முதல் பங்குனி வரை காய்ச்சல். வெப்பமான மாதங்களில் மழை. வறட்சியைத் தாங்கும் குணம் இங்கே ஓரளவுதான் கைகொடுக்கும். செடியைக் கொல்வது பெரும்பாலும் தேங்கிய நீரும் அதனால் வரும் வேரழுகலும்தான்.

ஆகவே கூடலூர்ப் பக்கம்போல் தென்மேற்குப் பருவமழை கொட்டும் இடத்தில் இதை நினைக்கவே வேண்டாம். மழை குறைந்த கிழக்குச் சரிவுகள் ஏற்றவை. அங்கும் பள்ளத்தில் நடாமல் மேட்டில் நட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே மேட்டுப்பாத்தி அமைத்து, வடிகாலைச் சரியாக வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது சங்கடம் மண். நமது மலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அதுதான் வேண்டும். ரோஸ்மேரிக்குக் கார அமில நிலை 6-க்கு மேல், 7-ஐ ஒட்டி இருப்பது நலம். மண்ணைப் பரிசோதித்து, அதன்படி சுண்ணாம்போ டோலமைட்டோ நடவுக்குச் சில வாரம் முன்பே இட்டுக் கிளறிவிட வேண்டும். தேயிலைக்கு நடுவே ஊடுபயிராக வைக்கலாமா என்று கேட்கிறார்கள். ஒன்றுக்கு ஆகும் மண் மற்றதற்கு ஆகாது; வேண்டாம்.

நாற்றை விலை கொடுத்து வாங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 20,000 செடி பிடிக்கும். அத்தனையும் வாங்கினால் முதல் வருட வருமானம் நாற்றுக்காரருக்கே போய்விடும். உதகை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஊட்டி (ஆர்.எம்.) 1 ரகத்தில் நல்ல செடிகள் சிலவற்றைப் பெற்றுத் தாய்ச்செடியாக வளர்த்துக்கொள்ளுங்கள். முற்றாத நுனித் தண்டை 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, அடி இலையை உருவிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் விடும். விதை முளைப்பு மந்தம். முளைத்தாலும் செடிகள் ஒரே சீராக இருப்பதில்லை. மாசியில் தண்டை ஊன்றி, கோடை மழையில் மண் நனைந்ததும் வயலில் நட்டால், ஆடிக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். “தண்ணீரே வேண்டாம்” என்ற பேச்சை முதல் வருடம் நம்பாதீர்கள். முதல் தை, மாசியில் வாரம் ஒரு தண்ணீர் கொடுக்கத்தான் வேண்டும்.

ஏக்கருக்கு 8 டன் தொழு உரம் அடியில் போடலாம். தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல், ஒவ்வொரு அறுவடைக்குப் பின்பும் சிறிது சிறிதாக இடுவது நல்லது. நட்டு எட்டு மாதத்தில் முதல் வெட்டு. பின்பு நூறு, நூற்றிருபது நாளுக்கு ஒருமுறை. வெட்டும்போது பச்சை இலை உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இலையற்ற முற்றிய கட்டையில் கை வைத்தால் அது மறுபடி துளிர்ப்பது அரிது. கூலியாட்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் தேயிலையைக் கவாத்து செய்த கை இதையும் அடியோடு வெட்டத்தான் போகும்.

எண்ணெய் காய்ச்சி விற்கலாமே என்பார்கள். நன்கு வளர்ந்த ஓர் ஏக்கரில் வருடத்துக்கு 5 முதல் 6 டன் பச்சைத் தழை கிடைக்கும். அதில் 35 முதல் 40 கிலோ எண்ணெய்தான் இறங்கும். அதற்கு நீராவிக் கலனும் விறகும் வேண்டும். யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் அண்டாவில் போட்டால் தைல வாசனை ஏறிவிடும். தனி ஆளுக்கு இது கட்டாது. பத்து இருபது பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

சிறு விவசாயிக்கு உலர்ந்த இலைதான் வழி. நிழலில், காற்றோட்டமாக, சல்லடைத் தட்டில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும்; மூடுபனியில் போட்டால் பூஞ்சணம் பூக்கும். அதனால் பெரிய வெட்டைத் தை முதல் சித்திரைக்குள் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதன் நல்ல பக்கத்தை மறைக்கக் கூடாது. வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை சரிவைக் கிளறிக் கிழங்கும் காரட்டும் போடுவதால் நமது மேல்மண் ஆற்றோடு போகிறது. பல வருடம் நிற்கும் இந்தப் புதர் மண்ணைப் பிடித்து வைக்கும். 1961-இல் உதகையில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு உருளைக்கிழங்கு இனத்தைத்தான் தாக்கும். ரோஸ்மேரியில் அதற்கு வேலையில்லை. காரமான வாசனை இலையை மானும் காட்டெருமையும் பொதுவாக விரும்பித் தின்பதில்லை.

ஆனால் சந்தை? வெனிலாவை மறந்துவிட்டோமா? 2003 வாக்கில் ஏறிய விலையைப் பார்த்துக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் நமது மலையோரங்களிலும் கொடி நட்டார்கள். காய்ப்புக்கு வந்தபோது விலை சரிந்து கிடந்தது. தலைமுடி மோகம் எத்தனை வருடம் ஓடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

10 சென்ட் போதும். 2,000 செடி, நன்றாக வந்தால் வருடத்துக்குச் சுமார் 100 கிலோ உலர் இலை. அதை எடுத்துக்கொண்டு வாசனைப்பொருள் வியாபாரிகளையும் உணவு விடுதிகளையும் நேரில் பாருங்கள். என்ன விலைக்கு, எவ்வளவு ஈரப்பதத்தில், எத்தனை கிலோ வாங்குவார்கள் என்று கேளுங்கள். வாங்க ஆள் உறுதியான பிறகு, அடுத்த மாசியில் உங்கள் செடியிலிருந்தே தண்டை வெட்டி இன்னொரு 10 சென்ட் நடலாம்.