இகுவானா கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் "இகுவானா வாங்கித் தாங்க வாப்பா" என்று பிள்ளை நச்சரித்துக் கொண்டிருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

இடைவேளையில் பிள்ளைகள் என்னிடம் விலை சொல்கிறார்கள். "சேர், குட்டி இவ்வளவுதானாம், சாமான் செற்றோட எடுத்தா குறைச்சுத் தருவாங்களாம்." என் கருத்தை நேரடியாகச் சொல்கிறேன். குட்டிக்குச் சொல்லும் விலை முழு விலை இல்லை, அது வெறும் முற்பணம். மீதியைச் சொல்லாமல் விற்பது நியாயமான வியாபாரம் இல்லை.

உள்ளங்கையில் நிற்கும் அந்தப் பச்சைக் குட்டி வளர்ந்தால் வாலோடு சேர்த்து 5 அடி வரும். ஒழுங்காகப் பார்த்தால் 10 வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். இன்று தரம் 6 படிக்கும் பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகும் அதற்குச் சாப்பாடு போடப் போவது உம்மாதான். மீன் தொட்டி அதற்குக் காணாது. ஆள் உயரத்துக்குக் கம்பிக்கூடு வேண்டும், ஏறுவதற்குக் கிளை வேண்டும்.

அடுத்தது சூடு. ஊர்வனவற்றின் உடம்பு எங்களைப் போல் தானாகச் சூட்டை உண்டாக்காது. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் தின்றது செமிக்கும். கூட்டின் ஒரு மூலையில் 35 பாகை செல்சியஸ் அளவு சூடும், மறுபக்கம் 27 பாகை அளவு குளிர்ச்சியும் இருந்தால் அது தனக்குத் தேவையான இடத்தைத் தேடிக்கொள்ளும்.

கல்முனை, காத்தான்குடி, புத்தளம் போன்ற கரையோர ஊர்களில் பகல் வெயில் எப்படியென்று உங்களுக்கே தெரியும். இங்கே இருப்பவருக்கும் "ஹீட்டர் இல்லாவிட்டால் செத்துவிடும்" என்று செற் விற்பது பயம் காட்டிப் பணம் எடுப்பதுதான். கரையோரத்தில் பெரிய ஆபத்து சூடு கூடுவது. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால், தகரக் கூரைக்குக் கீழே காற்றோட்டமில்லாமல் அடைத்தால், கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விடும். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் கதை வேறு. அங்கே இரவுக்குக் கட்டாயம் சூடு தேவை.

சூடு வைப்பவர்கள் மூன்று விஷயம் கவனியுங்கள். சூட்டுக்கல் வாங்காதீர்கள், அதன் மேலேயே படுத்துக் கிடந்து வயிறு வெந்து போகும். பல்பை உள்ளே வைத்தால் சுற்றிவரக் கம்பிவலை அடியுங்கள், இல்லாவிட்டால் ஏறிப் பிடித்துச் சுட்டுக்கொள்ளும். சூடு கூடினால் தானாக நிற்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இரவு முழுக்க எரிய விடாதீர்கள். திரைச்சீலைக்குப் பக்கத்தில், ஏற்கனவே நாலு வயர் சொருகிய மல்டி பிளக்கில், பிள்ளைகள் தூங்கும் அறையில் வைத்தால் போவது இகுவானாவின் உயிர் மட்டுமாக இருக்காது.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். 100 வாட் பல்ப் ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 36 யுனிட். அது சும்மா 36 யுனிட் கூடுவதல்ல, முழு பில்லையும் அடுத்த படிக்கு ஏற்றிவிடலாம். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

சூட்டை விட முக்கியம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். அது இல்லாவிட்டால் உடம்பு கல்சியத்தைப் பிடிக்காது, எலும்பு மெலிந்து, தாடை வீங்கி, கால் நடுங்கும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். எங்கள் நாட்டில் அது காசில்லாமல் கிடைக்கிறது. பாதி நிழல் உள்ள கம்பிக்கூட்டில் காலை வெயில் காட்டினால் போதும். சாப்பாடும் அப்படித்தான். முருங்கை இலை, செவ்வரத்தம் பூ, பப்பாசி, பூசணி. இறைச்சியும் முட்டையும் வேண்டாம்.

இனி விலை. நியாய விலை என்றால் மலிந்த விலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது எங்கள் நாட்டு உயிரினம் இல்லை, மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இலங்கை 1979 முதல் அதில் அங்கத்துவ நாடு. கொண்டுவருவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடதாசி இல்லாமல் மலிவாக வருவது எந்த வழியில் வந்திருக்கும் என்று யோசியுங்கள். ஆகவே முதலில் திணைக்களத்தில் விசாரியுங்கள், பிறகு விற்பவரிடம் கடதாசியைக் கேளுங்கள். இல்லையென்றால் பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள்.

"எல்லாத்தையும் சொன்னா யார் சேர் வாங்குவாங்க?" என்று விற்கும் தம்பிமார் கேட்கலாம். எல்லாம் கேட்டும் வாங்குகிறவர்தான் வளர்க்கத் தகுதியானவர். பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது நாம் மத்ரசாவில் படித்த பாடம். மெலிந்த வால், வீங்கிய தாடை, மந்தமான கண் உள்ள குட்டியை "புது இடம், பழகிடும்" என்று கையில் கொடுப்பதும் அந்தக் குறையை மறைப்பதுதான்.

இன்னொன்று. வளர்க்க முடியாவிட்டால் குளத்தடியிலோ வயலிலோ விட்டுவிடாதீர்கள். புளோரிடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் இப்படித் தப்பியும் விடப்பட்டும் பெருகியவை பயிரைத் தின்கின்றன, வாய்க்கால் கரைகளில் பொந்து தோண்டுகின்றன. எங்கள் ஊர் வாழ்வதே வாய்க்காலையும் வரம்பையும் நம்பித்தான். வைத்திருக்க முடியாதவர் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கிருந்து வந்தது, வளர்ந்தால் எவ்வளவு பெரிது, மாதச் செலவு எவ்வளவு, நோய் வந்தால் எந்த மிருக வைத்தியரிடம் போவது என்ற நான்கையும் எழுதிக் கொடுத்து விற்றுப் பாருங்கள். பெற்றோரே, அந்தத் தாள் கிடைக்காத இடத்தில் வாங்காதீர்கள். பிள்ளை இரண்டு நாள் அழும், பிறகு மறந்துவிடும்.

ஏற்கனவே வீட்டில் வைத்திருப்பவர்கள், தொட்ட பிறகு பிள்ளைகளின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வையுங்கள். சல்மொனெல்லா கிருமி அதன் உடம்பில் இருக்கலாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.