கம்ப்யூட்டர் ஃபேன் ஓயாமல் கத்துகிறதா? வேகத்தைக் குறைக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே சில டெஸ்க்டாப்கள் மிக்ஸி போலச் சத்தம் போடும். அரை நிமிடத்தில் அடங்கும், மறுபடி கத்தும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. அதற்காக ஃபேன் வேகத்தை ஒரேயடியாகக் குறைப்பதும் தவறு.

பிராசஸரின் சூட்டைப் பார்த்து, ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று மதர்போர்டு முடிவுசெய்கிறது. இந்தக் கணக்குக்குப் பெயர் 'ஃபேன் கர்வ்'. நிறுவனம் அமைத்துத் தரும் கணக்கு எல்லா ஊருக்கும் பொதுவானது. ஏசி இல்லாத அறைக்கு அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

குறைத்தால் என்ன ஆகும்?

சூடு எல்லை மீறினால், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேலை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. அதற்கு மேலும் சூடேறினால் கம்ப்யூட்டர் சட்டென அணைந்துவிடும். சேவ் செய்யாத புராஜெக்ட்டும், பாதியில் இருக்கும் ஆன்லைன் தேர்வும் அதோடு போச்சு!

முதலில் தூசு

பவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் பக்க மூடியைத் திறந்து, ஃபேனிலும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளிலும் படிந்த தூசை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். புளோயர் பயன்படுத்தினால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். பல நேரங்களில் இதிலேயே சத்தம் குறைந்துவிடும்.

பயாஸில் மாற்றுவது எப்படி?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டினால் பெரும்பாலும் பயாஸ் திறக்கும். ஏசஸ் போர்டில் 'கியூ-ஃபேன்', ஜிகாபைட்டில் 'ஸ்மார்ட் ஃபேன்', எம்எஸ்ஐயில் 'ஹார்டுவேர் மானிட்டர்' என்ற பகுதியைப் பார்க்கலாம்.

ஃபேன் ஒயரின் முனையில் 4 துளை இருந்தால் 'பிடபிள்யூஎம்', 3 துளை இருந்தால் 'டிசி' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 3 துளை ஃபேனுக்கு பிடபிள்யூஎம் வைத்தால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். ஓயாத சத்தத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இப்படித் தொடங்கிப் பார்க்கலாம்:

- 50 டிகிரி வரை: 35%
- 65 டிகிரியில்: 55%
- 75 டிகிரியில்: 80%
- 85 டிகிரியில்: 100%

ஏன் 50? ஃபேன் அறைக் காற்றைத்தான் வீசுகிறது. அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் குளிர்விக்க அதனால் முடியாது. அறையே 35 டிகிரி இருக்கும் கோடையில், சும்மா இருக்கும் பிராசஸரே 45-ஐத் தொடும். 40 டிகிரியிலேயே வேகமெடுக்கச் சொன்னால், ஃபேன் வீணாகக் கத்திக்கொண்டிருக்கும்.

ஏறி இறங்கும் சத்தத்துக்கும் வழி உண்டு. 'ஸ்டெப் அப் டைம்' போன்ற பெயரில் இருக்கும் அமைப்பைச் சில விநாடிகள் கூட்டினால், நொடிநேரச் சூட்டுக்கெல்லாம் ஃபேன் பதறாது. எஃப்10 அழுத்தி சேவ் செய்துவிடலாம். வோல்டேஜ் பக்கம் மட்டும் கை போக வேண்டாம்.

சோதிப்பது முக்கியம்

வெயில் உச்சத்தில் இருக்கும் மதியத்தில், கேம் அல்லது வீடியோ எடிட்டிங்கை அரை மணி நேரம் ஓடவிட்டு, 'ஹெச்டபிள்யூ இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் சூட்டைப் பார்க்கலாம். தொடர்ந்து 85-ஐத் தாண்டினால் 65, 75 டிகிரிக்கான வேகத்தைக் கூட்ட வேண்டும். முழு வேகத்திலும் இறங்கவில்லை என்றால், பழைய தெர்மல் பேஸ்ட்டை மாற்றும் நேரம் வந்திருக்கலாம்.

லேப்டாப் என்றால்?

பெரும்பாலான லேப்டாப்களின் பயாஸில் இந்த வசதி இருக்காது. நிறுவனத்தின் ஆப்பில் 'குவயட்', 'பேலன்ஸ்டு' போன்ற மோடுகள் இருக்கும். படிக்கும்போது குவயட், கனமான வேலைக்கு பேலன்ஸ்டு என மாற்றிக்கொள்ளலாம். மெத்தையில் வைத்தால் காற்று உள்ளே போகும் வழி அடைபடும். அப்போது எந்த மோடும் உதவாது; மேசைதான் நல்லது.