டியூட்டி முடிஞ்சும் படிக்கிற நர்ஸ்கள்... யாருக்காக இந்தப் படிப்பு?

பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளை ஒட்டி இருக்கிற நர்ஸ் ஹாஸ்டல்களில், நைட் டியூட்டி முடிஞ்சு வர்றவங்க எல்லாரும் உடனே தூங்கப் போறதில்லை. ஒருத்தர் இயர்போன் மாட்டிக்கிட்டு ஜெர்மன் கிளாஸ்ல உட்கார்ந்திருப்பார். இன்னொருத்தர், எய்ம்ஸ் நடத்துற நார்செட் தேர்வுக்கு டெலிகிராம்ல வந்த கேள்விகளைப் போட்டுப் பார்ப்பார். ஓ.இ.டி, எம்.ஆர்.பி தேர்வுன்னு ஆளுக்கொரு படிப்பு. யாரும் இவங்களைப் படிக்கச் சொல்லி விரட்டலை. சொந்தக் காசு, சொந்தத் தூக்கம்.

ஆனா, இதுல பெரும்பாலான படிப்பு இப்போ வேலை பார்க்குற ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போறதுக்கானது. காரணம் சிம்பிள். ஜெர்மன்ல பி2 முடிச்சா வேலை, விசா. ஓ.இ.டி பாஸானா பிரிட்டன். நார்செட்ல ரேங்க் வந்தா மத்திய அரசு சம்பளம். அதே நர்ஸ் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வென்டிலேட்டர் அலாரம் ஒவ்வொண்ணும் எதுக்கு அடிக்குதுன்னு கத்துக்கிட்டா? அடுத்த மாசமும் அதே சம்பளம்தான். 'இவங்களுக்குத் தெரியும்'னு ஐ.சி.யூ டியூட்டி வேணா கூடுதலா விழும்!

வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கிறதை வெறும் 'எஸ்கேப்'னு சொல்லிடவும் முடியாது. நர்ஸ்களுக்கான ஓ.இ.டி எழுத்துத் தேர்வுல ஒரு நோயாளியோட கேஸ் குறிப்புகளைக் கொடுப்பாங்க. 45 நிமிஷத்துல, அடுத்து அவரைப் பார்த்துக்கப்போறவருக்கு ஒரு கடிதம் எழுதணும். எதைச் சொல்லணும், எதை விடணும்கிறதுதான் சோதனையே. பேச்சுத் தேர்வுல, பயந்துபோயிருக்கிற நோயாளிகிட்ட முதல்ல அவருக்கு என்ன தெரியும்னு கேட்டுட்டு, அப்புறம் விளக்கணும். இன்சுலின் ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறதுக்குத் தயங்குற நம்ம ஊர் அம்மாவுக்கும் தேவைப்படுறது இதே திறமைதான். ஒரு வார்டு முழுக்க ரெண்டு பேர் ஓடிக்கிட்டிருக்கும்போது அதைக் காட்ட நேரம் எங்கே?

நர்சிங்ல படிச்சது அப்படியே நிற்காது. மாரடைப்பு வந்து விழுந்தவருக்கு முதல்ல மூச்சுப்பாதை, அடுத்து சுவாசம், பிறகுதான் மார்பை அழுத்துறதுன்னு 'ஏ-பி-சி' வரிசையைத்தான் ரொம்ப வருஷம் சொல்லிக்கொடுத்தாங்க. 2010-ல அமெரிக்க இதயச் சங்கம் அதை 'சி-ஏ-பி'ன்னு மாத்துச்சு. அதாவது, முதல்ல மார்பை அழுத்தணும். 2009-ல டிப்ளமோ முடிச்சவர் அதுக்கப்புறம் எதையும் புரட்டலைன்னா, அவர் கையில பழைய வரிசைதான் இருக்கும். அந்த நிமிஷங்கள்ல படுக்கையில இருக்கிறது உங்க அப்பாவா இருக்கலாம்.

இதெல்லாம் சட்டம் இயற்றுறவங்களுக்குத் தெரியாதது இல்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர் கல்வி வேணும்னு இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லியிருக்கு. மாநிலத்துக்கு மாநிலம் அது நடைமுறையாகிற வேகம்தான் வேற. 1947-ம் வருஷத்து நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலா 2023-ல நாடாளுமன்றம் புதுச் சட்டமும் நிறைவேத்தியிருக்கு. ஆனா அந்த 150 மணி நேரம் யாரோட நேரம்? ஆஸ்பத்திரியோடதா, நர்ஸோட வார லீவா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாசத்துக்கு ரெண்டரை மணி நேரம்தான். 100 நர்ஸ்கள் இருக்கிற ஆஸ்பத்திரின்னா 250 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்ட்ல 31 ஷிஃப்ட். மாசம் 26 நாள் வேலைன்னு வெச்சா, ஏறக்குறைய ஒண்ணேகால் நர்ஸ் கூடுதலா எடுத்தா போதும், எல்லாரும் டியூட்டி நேரத்துலேயே படிக்கலாம். வரவேற்பறைக்கு மார்பிள் போடுற ஆஸ்பத்திரிகளுக்கு இது கட்டுப்படியாகாதுன்னு சொன்னா நம்ப முடியலை.

நேரம் கொடுத்தா மட்டும் போதாது, எதைக் கணக்குல எடுத்துக்கிறாங்கன்னும் பார்க்கணும். கருத்தரங்கு ஹால்ல உட்கார்ந்து, மதியம் பிரியாணி சாப்பிட்டு, சாயங்காலம் சர்ட்டிஃபிகேட் வாங்கினா மணிக்கணக்கு ஏறிடும். ராத்திரி தானா தேடிப் படிச்சது ஏறாது. நம்ம நர்ஸ்கள் போய்ச் சேர்ற பிரிட்டன்ல மூணு வருஷத்துக்கு 35 மணி நேரம்தான் விதி. அதுல 20 மணி நேரம் மத்தவங்களோட சேர்ந்து கத்துக்கணும், மீதியைத் தனியாவே படிக்கலாம். கூடவே, கத்துக்கிட்டதால தன் வேலையில என்ன மாறுச்சுன்னு அஞ்சு குறிப்புகள் எழுதி, இன்னொரு நர்ஸோட உட்கார்ந்து பேசணும். 'ஏ-பி-சி'யை மறந்து 'சி-ஏ-பி'க்கு மாறின கதையை அந்தக் குறிப்புல தாராளமா எழுதலாம். நம்ம கவுன்சில்களோட படிவத்துலயும் இப்படி ஒரு பக்கம் சேர்க்க பெரிய செலவு எதுவும் ஆகாது.