21 உயிரைப் பறித்த மலை ஓட்டம்: காப்பாற்றியது ஆட்டுக்காரரின் போர்வை!

அழகான பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் மஞ்சள் ஆறு. மறு பக்கம் வானத்தைத் தொடுவது போல நிற்கும் பாறைத் தூண்கள். அந்த அழகைப் பார்த்துக்கொண்டே ஓடலாம் என்று 172 பேர் போனார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 151 பேர். மீதி 21 பேரும் குளிரில் விறைத்துச் செத்தார்கள்.

நடந்தது 2021-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி. இடம், சீனாவின் கான்சு மாநிலம். அது பனிக்காலம் அல்ல. வெயில் காலம் தொடங்கும் நேரம். செத்தவர்களும் நோஞ்சான்கள் அல்ல. நாட்டிலேயே பெயர் பெற்ற ஓட்டக்காரர்கள் அவர்களில் இருந்தார்கள்.

ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால் மலை ஓட்ட மோகம் குறையவில்லை. நம் பக்கத்து மலைகளிலும் ஓட்டப் போட்டிகள் நடக்கின்றன. எனவே அந்த 21 பேர் ஏன் செத்தார்கள் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

மரம் இல்லாத காடு

கான்சுவின் தலைநகர் லான்சோ. மஞ்சள் ஆற்றங்கரையில் உள்ள பழம்பெரும் நகரம். பட்டு ஏற்றிய ஒட்டகங்கள் மேற்கு நாடுகளுக்குப் போன பாதை இந்த ஊர் வழியாகத்தான் போயிற்று. 1909-ல் கட்டிய இரும்புப் பாலம் இன்றும் அங்கே நிற்கிறது.

லான்சோவுக்கு வடக்கே பையின் என்ற நகரம். செம்புச் சுரங்கத்தால் பிழைத்த ஊர். சுரங்கம் வற்றிக்கொண்டே வந்தது. 2008-ல் சீன அரசே அதை "வளம் தீர்ந்த நகரங்கள்" பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்புறம் பிழைப்புக்கு என்ன வழி? சுற்றுலாதான்.

பையினைச் சேர்ந்த சிங்தாய் வட்டாரத்தில் மிங் அரசர் காலத்துக் கோட்டை ஊர் ஒன்று இருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் ஆமை போலத் தெரியும். அதே வட்டாரத்தில்தான் "மஞ்சள் ஆற்றுக் கல் காடு" என்ற பள்ளத்தாக்கும் இருக்கிறது. காடு என்று பெயர். மரம் கிடையாது. காற்றும் மழையும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அரித்து அரித்து, பாறைகளை மரங்கள் போல நிறுத்தி வைத்திருக்கின்றன.

பார்க்க அழகு. ஆனால் மழை வந்தால் ஒதுங்க ஒரு கிளை கூட இல்லை.

இந்த இடத்தில்தான் 100 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி வைத்தார்கள். அது நாலாவது ஆண்டுப் போட்டி. முன்பு நடந்தவற்றில் வெயில்தான் தொல்லை. அதனால் குளிரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

நடந்தது என்ன?

காலை 9 மணிக்கு ஓட்டம் தொடங்கியது. அப்போதே காற்று பலமாக அடித்தது. பலர் போட்டிருந்தது அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும்தான். தடித்த சட்டையைப் பையில் போட்டு, வெகுதூரம் தள்ளியுள்ள நிலையத்துக்கு அனுப்பிவிட்டவர்களும் உண்டு. இரவுக் குளிருக்கு அங்கே போய் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு.

இரண்டாவது நிலையத்துக்கும் மூன்றாவது நிலையத்துக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர். அந்த 8 கிலோமீட்டரில் ஏறவேண்டிய உயரம் சுமார் 1,000 மீட்டர். பாறையும் மண்ணும் கலந்த செங்குத்தான ஏற்றம். வண்டி போகாது. மூன்றாவது நிலையத்திலும் சூடாகக் குடிக்க எதுவும் இல்லை. சாப்பாடும் இல்லை. களைத்துப்போனால் வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவரவும் வழி இல்லை.

ஓட்டக்காரர்கள் அந்த ஏற்றத்தில் இருந்தபோது நடுப்பகலில் வானம் இருண்டது. ஆலங்கட்டி விழுந்தது. பனிக்கட்டி போல் மழை கொட்டியது. ஆளைத் தள்ளும் காற்று. உடம்பெல்லாம் நனைந்தது. கை விரல் மடங்கவில்லை. செல்போனைக் கூட அழுத்த முடியவில்லை. ஆளுக்கு ஒரு பளபளக்கும் மெல்லிய தாள் போர்வை இருந்தது. அதைக் காற்று கிழித்து எறிந்தது.

நனைந்த உடம்பில் பலத்த காற்று பட்டால் சூடு மளமளவென்று இறங்கும். உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம் வரும். நாக்கு குழறும். பிறகு புத்தி தடுமாறும். எந்தப் பக்கம் போவது என்றே தெரியாது. எத்தனை பலசாலி என்றாலும் இதற்கு விலக்கு கிடையாது.

லியாங் சிங் என்ற வீரர் 31 வயது இளைஞர். நீண்ட தூர ஓட்டங்களில் வெற்றி மேல் வெற்றி குவித்தவர். அவர் செத்தார். குவாங் குவான்சுன் என்ற வீரர் காது கேளாதவர், வாய் பேச முடியாதவர். 2019-ல் சீனாவின் உடல் ஊனமுற்றோர் தேசியப் போட்டியில் மராத்தான் பந்தயத்தில் முதல் இடம் பிடித்தவர். அவரும் செத்தார். முன்னணியில் ஓடிய 6 பேரில் பிழைத்தவர் ஒரே ஒருவர்தான்.

குகையில் ஒரு புண்ணியவான்

அந்த ஒருவரைக் காப்பாற்றியது யார்? போட்டி நடத்தியவர்கள் அல்ல. மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்!

மழை வந்ததும் அவர் வழக்கமாக ஒதுங்கும் குகைக்குப் போயிருந்தார். வெளியே மனிதர்கள் விழுந்து கிடப்பதைப் பார்த்தார். தூக்கி வந்தார். நெருப்பு மூட்டினார். போர்வை போர்த்தினார். ஆண்கள் 3 பேர், பெண்கள் 3 பேர், ஆக 6 பேர் அந்தக் குகையில் உயிர் பிழைத்தார்கள்.

ஆடு மேய்க்கிற ஏழைக்கு மலையின் குணம் தெரியும். வெயில் காலம் என்றாலும் குகையில் போர்வையும் துணியும் வைத்திருந்தார். பதாகை கட்டி, மைக் வைத்து, கட்டணம் வாங்கிப் போட்டி நடத்தியவர்களுக்கு அந்த எண்ணம் வரவில்லை.

"இயற்கையின் கொடுமை" என்பது சரியா?

இப்படி எது நடந்தாலும் "இயற்கையின் கொடுமை, யார் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிக் கையைக் கழுவுகிறவர்கள் உண்டு. இங்கே அது எடுபடவில்லை.

பலத்த காற்று அடிக்கும் என்று வானிலை அலுவலகம் முதல் நாளே எச்சரித்திருந்தது. ஓட்டத்தைத் தள்ளி வைக்கவில்லை. காற்றைத் தடுக்கும் சட்டை கட்டாயம் என்று சொல்லியிருக்கலாம். "கொண்டு வந்தால் நல்லது" என்ற பட்டியலில் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். விசில், தலை விளக்கு எல்லாம் கட்டாயமாம். உயிரைக் காக்கும் சட்டை மட்டும் அவரவர் இஷ்டமாம்!

விசாரணை நடந்தது. ஜூன் 11-ந் தேதி அறிக்கை வந்தது. போட்டியை நடத்திய விதமே தவறு, இதற்கு மனிதர்களே பொறுப்பு என்று அது சொன்னது. நடத்திய நிறுவனத்தைச் சேர்ந்த 5 பேர் கைதானார்கள். அதிகாரிகள் உள்பட 27 பேர் மீது நடவடிக்கை பாய்ந்தது.

"ஓடினவர்கள் குழந்தைகளா? ஆபத்து தெரிந்துதானே போனார்கள்?" என்று கேட்கலாம். பாதி நியாயம் உண்டு. ஆனால் பாதையைத் தேர்ந்தெடுத்தது யார்? வண்டி போகாத ஏற்றத்தில் வெந்நீர் கூட இல்லாமல் நிலையம் வைத்தது யார்? ஓட்டத்தை முடித்தாலே 1,600 யுவான் என்று அறிவித்தது யார்? அந்த ஆசை காட்டினால், பாதியில் திரும்ப நினைக்கிற கால் கூட முன்னேதான் போகும். காசு வாங்கிக்கொண்டு ஆளை மலைக்கு அனுப்பினால், கீழே இறக்குகிற பொறுப்பும் அனுப்பியவர் தலையில்தான்.

தடை போட்டால் போதுமா?

சம்பவம் நடந்த சில நாட்களில் சீன அரசு மலை ஓட்டம், நெடுந்தூர ஓட்டம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. பின்னாளில் போட்டிகள் மீண்டும் நடக்கத் தொடங்கின. நடக்கத்தான் செய்யும். ஆற்றையும் மலையையும் பார்த்த மனுஷனுக்குக் கால் சும்மா இருக்காது. பாதையை அடைத்தால் திருட்டு வழியில் போவார்கள். அப்போது யார் போனார், யார் வந்தார் என்ற கணக்கும் இருக்காது.

இது தமிழ்நாட்டுக்குத் தெரியாத பாடம் அல்ல. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது? மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். அங்கே குளிர், இங்கே நெருப்பு. மற்றபடி கதை ஒன்றுதான். இறங்க வழி இல்லை. எச்சரித்து நிறுத்த ஆள் இல்லை. குரங்கணியிலும் முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

அதற்குப் பிறகு விதிகள் வந்தன. 2024-ல் தமிழ்நாடு அரசு 40 மலைப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. வழிகாட்டிகளாக அந்தந்த மலைவாசிகளையே வைத்தார்கள். இது நல்ல காரியம். ஓட்டப் போட்டிகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய செலவு இல்லை. சட்டையும் போர்வையும் பையில் இருக்கிறதா என்று புறப்படும் இடத்திலேயே சோதிக்க வேண்டும். இல்லாதவரை ஓட விடக்கூடாது.

ஆளைக் கீழே இறக்க வழி இல்லாத ஏற்றத்தில் ஓட்டம் வைக்கக்கூடாது. வைத்தே தீரவேண்டும் என்றால் அங்கே ஒரு குடிசை, அடுப்பு, நாலு கம்பளி வேண்டும்.

வானிலை கெட்டால் ஓட்டத்தை நிறுத்த ஒருவருக்கு அதிகாரம் தர வேண்டும். அவர் போட்டியில் லாபம் பார்ப்பவராக இருக்கக்கூடாது.

ஆடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், விறகு பொறுக்குபவர் ஆகியோரை ஏற்றங்களில் கூலி கொடுத்து நிறுத்த வேண்டும். எந்தப் பாறைக்குக் கீழே ஒதுங்கலாம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இவ்வளவையும் செய்ய முடியாதவர்கள் மலையில் பந்தயம் நடத்த வேண்டாம். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லட்டும். மலைக்கு ஓடப் போகிறவர்களும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கட்டும்: "நடுவழியில் மழை கொட்டினால் எங்களை எப்படி இறக்குவீர்கள்?" அதற்கு நேரான பதில் வராவிட்டால், பணத்தைக் கட்டாமல் வீட்டில் இருப்பதே மேல்.