பேசித் தீர்க்க இது காணித் தகராறா?



எங்கள் பகுதியில் ஒரு பெண் பிள்ளைக்குத் தெரிந்த ஆளாலேயே பாலியல் கொடுமை நேர்ந்தால், பொலிஸுக்கு முன்னர் குடும்பப் பெரியவர்கள் கூடிவிடுகிறார்கள். "மானம் போகும்", "அவனும் நம்ம சொந்தம்தானே" என்று சொல்லி ஊருக்குள்ளேயே விஷயத்தை அமுக்கிவிடுகிறார்கள். இந்த வழக்கத்தைக் கண்டித்தே எழுதுகிறேன்.

2025 ஜனவரியில் எமது கண்டி மாவட்டத்துத் தவுலகலையில் ஒரு மாணவி வேனில் இழுத்துப்போட்டுக் கடத்தப்பட்டதை நாடே பார்த்துக் கொதித்தது. கடத்தியவர் உறவினர். அது வீதியில் நடந்தது, கெமராவில் பதிவானது. வீட்டு அறையிலும் டியூஷன் வகுப்பிலும் தெரிந்தவர்கள் செய்யும் அநியாயத்துக்குக் கெமராவும் இல்லை, கொதிப்பவர்களும் இல்லை.

கூடும் பெரியவர்களின் முதல் கேள்வி, "ஏன் கத்தவில்லை?" என்பது. நம்பிய ஆள் கைவைக்கும்போது பிள்ளை விறைத்துப் போகிறாள். பிறகு "சொன்னால் உன் உம்மாவுக்குத்தான் அவமானம்" என்ற மிரட்டல் அவள் வாயை அடைக்கிறது. வல்லுறவை நிரூபிக்க உடலில் காயம் இருக்க வேண்டியதில்லை என்று தண்டனைச் சட்டக் கோவையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்லிவிட்டது. முப்பது வருடம் கழிந்தும் எங்கள் திண்ணைகளுக்கு அது எட்டவில்லை.

இதைவிடக் கொடியது, கொடுமை செய்தவனுக்கே பிள்ளையை நிக்காஹ் செய்துவைப்பது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை உடலுறவுக்குச் சம்மதித்தாலும் அது வல்லுறவுதான் என்கிறது சட்டம். ஆனால் 12 வயது கடந்த மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் விதிக்கவில்லை. ஆக, கல்யாணம் என்ற பெயரில் பிள்ளையைக் கொடுமை செய்தவன் கையிலேயே அவளை ஒப்படைக்கிறோம். அரசு இந்த இரண்டு ஓட்டைகளையும் உடனடியாக அடைக்க வேண்டும்.

வல்லுறவை விசாரிக்கச் சட்டப்படி அமைந்த இணக்க சபைக்கே அதிகாரம் இல்லாதபோது, குடும்பக் கூட்டத்துக்கு அது எங்கிருந்து வந்தது?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒருவரோடு தனியே இருக்கப் பிள்ளை தயங்கினால் அதட்டாமல் காரணம் கேளுங்கள். மாமா, சாச்சா என்றாலும் மடியில் உட்காரக் கட்டாயப்படுத்தாதீர்கள். "உம்மாவிடம் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும் அதை உம்மாவிடம் சொல்லப் பழக்குங்கள். கொடுமை நடந்துவிட்டால் உடுப்பைக் கழுவாமல், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 இலும், பெண்கள் உதவிச் சேவையை 1938 இலும் அழைக்கலாம்.

பேசி அனுப்பப்படுகிறவன் திருந்தப் போவதில்லை. இன்னொரு பிள்ளையைத் தேடுவான். எனவே மடவளைப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஜும்ஆவில் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்: "இத்தகைய முறைப்பாடுகளில் நாங்கள் சமரசம் பேச மாட்டோம்; பாதிக்கப்பட்டவரோடு பொலிஸுக்கு வருவோம்."

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மடவளை பஸார்.