மேடு என்றால் சவுடு இல்லை

கங்கைகொண்ட சோழபுரம் போய் வந்த நண்பர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். சிங்கக்கிணறு, பெரிய நந்தி, சண்டேசுவரருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பம், எல்லாம் இருக்கும். "மாளிகைமேட்டுக்குப் போனீர்களா?" என்று கேட்டால், "அங்கே என்ன சார் இருக்கு, வெறும் மண்மேடு" என்கிறார்கள். இந்த "வெறும்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில், உட்கோட்டை கிராமத்தை ஒட்டி இருக்கிறது அந்த மேடு. இராசேந்திர சோழன் காலம் முதல் ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகரில் அரண்மனை நின்ற இடம் அது. கல்வெட்டில் அதற்குச் சோழகேரளன் திருமாளிகை என்று பெயர். தமிழகத் தொல்லியல் துறை 1980-81இல் தொடங்கி அங்கே தோண்டியது, 2021இல் மறுபடியும் இறங்கியது. செங்கல் சுவர்கள், மரத்தூண் நின்ற கருங்கல் அடிக்கற்கள், கூரை ஓடுகள், ஓட்டைப் பிடித்து நிறுத்திய இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் உடைசல்கள் எல்லாம் கிடைத்தன.

படம் பார்த்துவிட்டு அரண்மனை தேடி வருபவர்களுக்கு இங்கேதான் ஏமாற்றம். சினிமாவில் கல் மாளிகை. நிஜத்தில் கல் சாமிக்கு. கடாரம் வரை கப்பல் விட்ட ராஜா குடியிருந்தது செங்கல், சுண்ணாம்பு, மரம், ஓடு வேய்ந்த வீட்டில்தான். மரம் மக்கிப் போகும், ஓடு உடையும். செங்கல் என்ன ஆனது?

இதைக் கேட்டால் நம்மவர்கள் பாண்டியனைக் காட்டுவார்கள். அடுத்து வெள்ளைக்காரன். அதில் பொய் இல்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கோயிலின் வெளிமதில் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று சொன்ன வாக்கும் காற்றில் போனது. ஆனால் அரண்மனைச் செங்கல்லைத் தோண்டி வீடு கட்டிக்கொண்டது எந்தப் பாண்டியன், எந்தத் துரை? சுற்றுவட்டாரத்து நம் ஜனங்கள்தான். அன்றைக்கு அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, சும்மா கிடந்த செங்கல், எடுத்தார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. இன்றைக்கு எல்லாம் தெரிந்த பிறகும் "வெறும் மேடு" என்கிறோமே, அதற்கு என்ன சாக்கு?

நான் நில அளவையில் முப்பது வருஷம் சங்கிலி இழுத்தவன். எங்கள் பதிவேட்டில் மேடு என்பது பெரும்பாலும் தரிசு, அல்லது புறம்போக்கு. லாரி வைத்திருப்பவருக்கு அது சவுடு. மண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதுவே ஆவணம். இந்த நகரத்தின் கோட்டை மதில் இரண்டு செங்கல் சுவர்களாக எழுப்பி, நடுவே மணல் நிரப்பியது. செங்கல்லை உருவிக்கொண்டு போனாலும் உருவிய குழி இருக்கும், அதில் பின்னால் விழுந்த மண் நிறம் மாறிக் காட்டும். அதை வைத்தே சுவர் எந்தத் திசையில் ஓடியது, எங்கே திரும்பியது என்று சொல்லிவிடலாம். செங்கல் போனாலும் கணக்கு மிஞ்சும். ஜேசிபி ஒரு நாள் இறங்கினால் அந்தக் கணக்கும் போய்விடும். பிறகு எத்தனை கோடி ஒதுக்கினாலும் வராது.

தோண்டிய இடத்துக்கு வேலி இருக்கிறது, சரி. ஆனால் நகரம் வேலிக்குள் அடங்கவில்லையே. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்று சுற்றிலும் ஊர்ப் பெயர்களே சாட்சி சொல்கின்றன. கோயில் 2004இல் உலக மரபுச் சின்னம் ஆனது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வயலுக்கு நடுவே துருத்தி நிற்கும் மேட்டுக்கு யார் உண்டு?

ஆடித் திருவாதிரைக்கு விழா எடுக்கிறோம், சிலை வைப்பதைப் பற்றிப் பேசுகிறோம். வைக்கட்டும். அந்தச் செலவில் கொஞ்சம் ஒதுக்கி, மதில் ஓடிய தடத்தை அளந்து, சர்வே எண் வாரியாகக் கல் நட்டு, அந்த எண்களில் மண் அள்ள அனுமதி கிடையாது என்று தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய நிபுணர் குழு வேண்டாம். தொல்லியல் துறையில் ஒருவர், ஒரு சர்வேயர், கல் நட நாலு ஆள். கூப்பிட்டால் நானே வருகிறேன், முழங்கால் வலி இருந்தாலும்.